டரட் என்றால் சிறு கோபுரமா? ஓசூரில் பயிற்சிக்கு வந்த தம்பிக்கு ஒரு பதில்

கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் பயிற்சியாளராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சிஎன்சி மெஷினில் எல்லோரும் டரட், டரட் என்கிறார்கள். அகராதியில் பார்த்தால் 'சிறு கோபுரம்' என்று போட்டிருக்கிறது. ராணுவ டாங்கியிலும் டரட், கடையில் விற்கும் சிசிடிவி கேமராவிலும் டரட். எல்லாம் ஒரே வார்த்தையா, வேறு வேறா? தமிழில் இதை எப்படிச் சொல்வது? இன்டர்வியூவில் கேட்டால் என்ன பதில் சொல்வது?"

ஒரே வார்த்தைதான் தம்பி. நம் சிஎன்சியில், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷினில் (லேத்), பல டூல்களை மாட்டிச் சுற்றும் தலைக்குத்தான் டரட் என்று பெயர். ஆனால் அது கோட்டைச் சுவரில் கிளம்பி, கப்பலில் ஏறி, அங்கிருந்து லேத் பட்டறைக்கு இறங்கி வந்த கதையைத் தெரிந்துகொண்டால்தான் அகராதி சொல்வதும் உங்கள் சூப்பர்வைசர் சொல்வதும் ஏன் ஒட்டாமல் நிற்கின்றன என்பது புரியும். நான் ராயக்கோட்டைக்காரன், 23 வருடமாக ஓசூரில் கடைசல் வேலை. முதல் ஆறு வருடம் கையால் ஓட்டும் கேப்ஸ்டன் லேத், அப்புறம் சிஎன்சி. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பிறப்பு. லத்தீனில் டுர்ரிஸ் என்றால் கோபுரம். அது பழைய பிரெஞ்சில் டூர் ஆகி, அதற்குச் சின்னது என்ற பொருள் தரும் ஒட்டு சேர்ந்து டூரெட் ஆயிற்று, ஆங்கிலம் அதைத்தான் எடுத்துக்கொண்டது. ஆகவே அகராதிக்காரர் தப்புச் சொல்லவில்லை, வார்த்தை பிறந்தபோது இருந்த பொருளைச் சொல்கிறார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த மூலப் பொருளில் 'சுற்றுவது' என்கிற எண்ணமே கிடையாது. எங்கள் ஷாப்பில் பாதிப் பேர், டர்ன் ஆவதால்தான் அதற்கு டரட் என்று பெயர் வந்தது என்று நம்புகிறார்கள், பல வருடம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டர்ன் என்ற சொல்லின் வேர் வேறு. அது டோர்னுஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வருகிறது, அதற்கு முன்னால் கிரேக்கத்தில் டோர்னோஸ். அந்தச் சொல் குறிப்பது நம்முடைய கடைசல் கருவியை, அதாவது லேத்தையே! உலகத்தில் எது திரும்பினாலும் 'டர்ன்' என்று சொல்கிறார்களே, அந்த வார்த்தை கடைசல்காரன் பட்டறையிலிருந்து போனது. டர்னிங் சென்டரில் (சிஎன்சி லேத்தில்) இருக்கிற டரட் என்று நீங்கள் சொல்லும்போது ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வேறு வேர்கள், ஒன்று லேத், ஒன்று கோபுரம்.

கோட்டையில் டரட் என்பது எது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. தரையிலிருந்து எழும்பி நிற்கும் பெரிய கட்டடம் டவர். டரட் என்பது பெரும்பாலும் சுவரின் மூலையிலோ டவரின் தலையிலோ ஒட்டிக்கொண்டு மேலே எழும்பும் சின்னது, பல இடங்களில் அது தரையைத் தொடுவதே இல்லை, சுவரிலிருந்து வெளியே நீட்டிய கல்தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கும். ஐரோப்பியக் கோட்டைப் படங்களில் மூலையில் கூம்புத் தொப்பி போட்டு நிற்குமே, அதுதான். நம் பக்கத்துக் கோட்டைகளில் மதிலோடு சேர்ந்து தரையிலிருந்தே வட்டமாகப் புடைத்து வருவது கொத்தளம். அதற்கு ஆங்கிலத்தில் பேஸ்டியன் என்று வேறு பெயர் உண்டு. பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) பகுதி முழுக்க மலைக்கோட்டைதான், கிருஷ்ணகிரி மலையும் எங்கள் ராயக்கோட்டையும் அதில் சேர்த்தி. 1791-ல் ஆங்கிலேயர் திப்புவோடு போர் செய்தபோது ராயக்கோட்டையைப் பிடித்துவிட்டார்கள், அதே வருடம் மேக்ஸ்வெல் என்ற ஆங்கிலத் தளபதி படையோடு கிருஷ்ணகிரி மேல்கோட்டை மேல் ஏற முயன்று முடியாமல் திரும்பினார், 1792 ஒப்பந்தத்தில்தான் அது கைமாறியது. இந்த வரலாற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றி எழுதுகிறவர்கள் டவர், டரட், பேஸ்டியன், ராம்பார்ட் (மதிலின் மேல்தளம்) நான்கையும் 'கொத்தளம்' என்ற ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிடுகிறார்கள். ஆகஸ்ட் 15 அன்று முதலமைச்சர் 'கோட்டைக் கொத்தளத்தில்' கொடியேற்றினார் என்று பத்திரிகைகள் எழுதுவதும் அந்தப் பழக்கம்தான், அவர் நிற்பது மதிலின் மேல்தளம். இத்தனைக்கும் மதில் உறுப்புகளுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. சங்கப் பாடல்களில் ஞாயில் வருகிறது, எயில் வருகிறது, பதணம் வருகிறது. அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. அந்த மண்ணில் இருந்துகொண்டு கோட்டை உறுப்புகளுக்கு ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, நின்ற கோபுரம் சுற்ற ஆரம்பித்தது எங்கே? கடலில்.

பழைய போர்க்கப்பலில் பீரங்கிகள் இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும். எதிரி எந்தப் பக்கம் இருக்கிறானோ அந்தப் பக்கத்துக்குக் கப்பலையே திருப்ப வேண்டும். அப்படித் திருப்பினாலும் மறுபக்கத்துப் பீரங்கிகள் சும்மா கிடக்கும். பீரங்கியை ஓர் இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் கூண்டையே சுற்றினால் என்ன என்ற யோசனை இங்கிலாந்தில் கௌப்பர் கோல்ஸ் என்ற கடற்படை அதிகாரிக்கும் வந்தது, அமெரிக்காவில் குடியேறிய ஸ்வீடன்காரரான ஜான் எரிக்சனுக்கும் வந்தது. எரிக்சன் கட்டிய மானிட்டர் என்ற கப்பல் 1862 மார்ச் 9 அன்று அமெரிக்க உள்நாட்டுப் போரில் வர்ஜீனியா என்ற இரும்புக் கவசக் கப்பலோடு மோதியது. தண்ணீருக்கு மேலே தட்டையான ஒரு தளம், நடுவில் உருளையாக ஒரு டரட், பார்வைக்கு அவ்வளவுதான். அந்த டரட்டின் உள்விட்டம் 20 அடி, உயரம் 9 அடி, ஓர் அங்குல இரும்புத் தகடுகளை எட்டு அடுக்காகச் சேர்த்த சுவர், உள்ளே 11 அங்குலப் பீரங்கிகள் இரண்டு, சுற்றுவதற்கு நீராவி இயந்திரம்.

நம் தொழிலில் இருக்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். அந்த டரட் நன்றாகவே சுற்றியது, வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் முடியவில்லை. அவ்வளவு எடையைக் கிளப்புவதும் கஷ்டம், கிளம்பிய பிறகு நிறுத்துவது இன்னும் கஷ்டம். கடைசியில் அது பாட்டுக்குச் சுற்றட்டும் என்று விட்டுவிட்டு, எதிரிக் கப்பல் பீரங்கிக்கு நேராக வரும் நொடி பார்த்துச் சுட்டார்கள். அன்றைய சண்டையில் யாரும் ஜெயிக்கவில்லை, ஆனால் போர்க்கப்பல் என்றால் டரட் என்பது அன்றோடு உறுதியாயிற்று. மானிட்டர் அதே வருடம் டிசம்பர் 31 அதிகாலை புயலில் மூழ்கியது. 2002-ல் அந்த டரட்டைக் கடலடியிலிருந்து மேலே தூக்கினார்கள். கோல்ஸின் கதை இன்னும் சோகம். அவர் வடிவமைத்த கேப்டன் என்ற டரட் கப்பல் 1870 செப்டம்பரில் கவிழ்ந்து ஏறக்குறைய 480 பேர் இறந்தார்கள், அதில் அவரும் ஒருவர். தண்ணீரில் எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாக அமிழ்ந்து நின்ற உடல், மேலே கனமான பாய்மரங்கள், அதுதான் காரணம்.

டாங்கிக்கு இது வந்து சேர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1916-ல் வந்த முதல் பிரிட்டிஷ் டாங்கியில் டரட் கிடையாது, பீரங்கி பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும். முழு வட்டம் சுற்றும் டரட்டோடு பெரிய எண்ணிக்கையில் வந்த முதல் டாங்கி 1917-ன் ரெனோ எஃப்டி, பிரான்ஸ் நாட்டுத் தயாரிப்பு. மேலே டரட், கீழே உடல், பின்னால் இன்ஜின் என்று அது போட்ட அமைப்புதான் ஆவடியில் கட்டும் அர்ஜுன் வரைக்கும் தொடர்கிறது. ஸ்வீடன் ராணுவம் மட்டும் ஒரு காலத்தில் டரட்டே இல்லாத டாங்கி வைத்திருந்தது. குறி பார்க்க வேண்டுமானால் வண்டியையே திருப்ப வேண்டும்!

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 1845-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டீபன் ஃபிட்ச் என்பவர் துப்பாக்கிப் பொறிக்கான திருகாணிகளைச் செய்ய ஒரு லேத் அமைத்தார். அதில் எட்டு டூல்கள் ஒரே சுழல் தலையில் மாட்டியிருந்தன. முன்பெல்லாம் ஒவ்வொரு வேலைக்கும் டூலைக் கழற்றி, மாட்டி, சென்டர் பார்த்து, அளவு வைத்து ஓட்ட வேண்டும். இதில் ஒரு தடவை செட் செய்துவிட்டால் போதும், தலையைச் சுற்றினால் அடுத்த டூல் வந்து நிற்கும். ஒரே மாதிரி ஆயிரம் பீஸ் எடுக்கலாம். மானிட்டர் கப்பல் பெயர் பெற்ற பிறகு, சிறிய டரட் லேத்துகளுக்கு 'மானிட்டர் லேத்' என்றே பெயர் விழுந்தது, கப்பலின் டரட்டைப் போலவே இருந்ததால். பல பத்தாண்டுகள் அந்தப் பெயர் புழங்கியது. கேப்ஸ்டன் என்ற பெயரும் கப்பலிலிருந்துதான். நங்கூரச் சங்கிலியையும் கயிற்றையும் இழுக்க, கம்புகளைச் செருகி ஆட்கள் சுற்றி நடந்து தள்ளும் உருளைக்குத்தான் கேப்ஸ்டன் என்று பெயர். நம் கேப்ஸ்டன் லேத்தில் நான்கு கம்பு நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியை நினைத்துக்கொள்ளுங்கள், அப்படியே இருக்கும்.

கேப்ஸ்டனுக்கும் டரட் லேத்துக்கும் என்ன வித்தியாசம் என்று இன்டர்வியூவில் இன்றும் கேட்கிறார்கள், அதனால் இதைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஆறு முகம் கொண்ட டரட் இருக்கும். கேப்ஸ்டனில் அந்த டரட் ஒரு ராமின் (சறுக்கி ஓடும் கட்டை) மேல் உட்கார்ந்திருக்கும், அந்த ராம் பெட்டில் (மெஷினின் நீளமான அடித்தளம்) இறுக்கி வைத்த சேடிலுக்குள் (பெட்டின் மேல் உட்காரும் தாங்கி) முன்னும் பின்னும் ஓடும். டரட் லேத்தில் ராம் இல்லை, டரட் நேராகச் சேடிலின் மேலேயே இருக்கிறது, சேடில் முழுவதும் பெட்டில் நகரும். அதனால் டரட் லேத் கனமான வெட்டைத் தாங்கும், பெரிய காஸ்டிங் (வார்ப்பு) போடலாம். கேப்ஸ்டன் கைக்கு லேசு, பார் (கம்பி) வேலைக்கும் சின்ன பீஸுக்கும் வேகமாக ஓடும். ராமைப் பின்னால் முழுக்க இழுத்தால் டரட் தானாக அடுத்த முகத்துக்குத் திரும்பி 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். அந்த டக் சத்தம் கேட்காமல் முன்னால் தள்ளக் கூடாது என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் முதல் நாளே சொன்னார். அவர் சொல்லித்தந்ததில் இன்றைக்கும் நான் விடாமல் வைத்திருப்பது அதுதான்.

ஏனென்றால் டரட்டின் உயிரே அந்தப் பூட்டில்தான் இருக்கிறது. சுற்றுவதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அசையாமல் நிற்க வைப்பதுதான் வேலை. மானிட்டர் கப்பலில் முடியாமல் போனது இதுவே. இன்றைய சிஎன்சி டரட்டுக்குள் பற்கள் வெட்டிய வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அவற்றை ஹைட்ராலிக் அழுத்தமோ மோட்டார் விசையோ இறுக்கிப் பிடிக்கும், அதனால்தான் மைக்ரான் கணக்கில் டூல் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. இண்டெக்ஸ் ஆகும்போது, அதாவது அடுத்த டூலுக்குத் திரும்பும்போது, அன்கிளாம்ப் (பூட்டுத் திறப்பது), சுழற்சி, கிளாம்ப் (பூட்டுவது) என்று மூன்று கட்டம், கிளாம்ப் ஆன சிக்னல் வராமல் மெஷின் அடுத்த வரிக்குப் போகாது. பெங்களூரில் பிரகதி போன்ற கம்பெனிக்காரர்கள் இந்த டரட்டுகளை நம் நாட்டிலேயே செய்கிறார்கள். உங்கள் மெஷினில் டரட் பாடியின் பக்கத்தில் இருக்கும் தகட்டைப் பாருங்கள், எத்தனை ஸ்டேஷன் (டூல் மாட்டும் இடம்) என்று அதிலேயே இருக்கும், பெரும்பாலும் 8 அல்லது 12.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புரோகிராமில் டி0303 என்று இருந்தால் முதல் 03 டரட்டில் எந்த ஸ்டேஷன் என்பது, பின்னால் வரும் 03 எந்த ஆஃப்செட், அதாவது அந்த டூலுக்கான அளவுத் திருத்தம், என்பது. படிக்கும்போது 'மூன்றாவது டூல் வருகிறது' என்று மனதில் ஓடும். உண்மையில் வருவது மூன்றாவது மட்டும் இல்லை, பன்னிரண்டும் சேர்ந்து சுற்றுகின்றன. நான் சிஎன்சிக்கு மாறிய புதிதில், அப்போது வேலை பார்த்த கம்பெனியில், நைட் ஷிப்டில் ஒரு பையன் நேரம் மிச்சம் பிடிக்க நினைத்து, டரட்டை ஹோமுக்கு (தள்ளி இருக்கும் பாதுகாப்பான இடம்) அனுப்பாமல் ஜாபுக்கு (வெட்டும் பீஸுக்கு)ப் பக்கத்திலேயே இண்டெக்ஸ் கொடுத்துவிட்டான். கூப்பிட்ட டூல் குட்டையானது, அதற்கு இடம் இருந்தது. பக்கத்து ஸ்டேஷனில் துளையைக் குடையும் நீளமான போரிங் பார் ஒன்று மாட்டியிருந்ததை அவன் நினைக்கவில்லை. அது ஜாபைப் பிடித்திருக்கும் சக் ஜாவில் அடித்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, டரட் அலைன்மென்ட் போய்விட்டது. மறுநாள் சர்வீஸ் ஆள் வந்து டயல் வைத்து, போல்ட்டைத் தளர்த்திச் சுத்தியலால் லேசாகத் தட்டித் தட்டி நேராக்க மதியம் ஆகிவிட்டது. அந்தப் பையன் அன்றைக்கு முகம் வெளிறி நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆகவே எக்ஸ், இசட் அச்சுகள் இரண்டும் பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகுதான் இண்டெக்ஸ். புது செட்டிங் என்றால் எல்லா ஸ்டேஷனையும் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணால் பார்த்துவிட்டுச் சைக்கிள் ஸ்டார்ட் தொடுங்கள்.

ஷீட் மெட்டல் பக்கம் போனால் டரட் பஞ்ச் பிரஸ் இருக்கும். அதில் மேலே ஒரு டரட், கீழே ஒரு டரட், மேலே துளையிடும் பஞ்ச், கீழே அதற்கு ஈடான டை, இரண்டும் சேர்ந்து சுற்றி நேருக்கு நேர் நிற்கும், நடுவில் தகடு நகரும். டூல் ரூமில் டரட் மில்லிங் என்று சொன்னால் அது வேறு மாதிரி. அங்கே பல டூல் மாட்டும் தலை கிடையாது. மெஷின் தலையும் அதைத் தாங்கும் ராமும் தூணின் மேல் ஒரு வட்டத் தளத்தில் திரும்புகின்றன, அந்தத் தளத்துக்குத்தான் டரட் என்று பெயர். 1938-ல் பிரிட்ஜ்போர்ட் என்ற கம்பெனி இதைப் பரவலாக்கியது. நம் டூல் ரூம்களில் எம்1டிஆர் என்று சொல்வது இந்த வகைதான். குவாலிட்டி லேபில் ஹார்ட்னஸ் பார்க்கும் மெஷினிலும் ஒரு டரட் உண்டு. குழி பதிக்கும் வைரமுனை ஒரு பக்கம், குழியை அளக்கும் லென்ஸ் இன்னொரு பக்கம், பதித்ததும் தலை திரும்பி லென்ஸ் அதே புள்ளியின் மேல் வந்து நிற்கும். பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் லென்ஸ்களைத் திருப்பும்போது 'கிளிக்' என்று உட்காருமே, அதுவும் இதே குடும்பம்.

சினிமாவிலும் இருந்தது. நம் சினிமாவில் பல வருடம் ஓடிய ஆரிஃப்ளெக்ஸ் 2சி கேமராவின் முகப்பில் மூன்று லென்ஸ் மாட்டிய டரட் இருக்கும், ஜூம் லென்ஸ் பரவுவதற்கு முன்னால் குளோசப்புக்கும் லாங் ஷாட்டுக்கும் அதைத் திருப்பித்தான் மாற்றினார்கள். பழைய பிளாக் அண்ட் ஒயிட் டிவியில் கடகடவென்று திருப்பிய சேனல் குமிழ் நினைவிருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அதற்குப் பின்னால் இருந்ததும் டரட் டியூனர்தான். ஒரு சுழலும் உருளை, அதில் சேனலுக்கு ஒன்றாகக் காயில் பட்டைகள், திருப்பினால் அந்தச் சேனலுக்கான காயில் சர்க்யூட்டைத் தொடும். பங்குச்சந்தை டீலிங் அறைகளில் பல லைன்களை ஒரே மேசையில் கையாளும் டெலிபோன் பெட்டிக்கும் இதே பெயர். வீடியோ கேமில் தானாகத் திரும்பிச் சுடும் துப்பாக்கி, கடலில் நீண்டு கூராக முறுக்கிய ஒரு வகைச் சங்கு, இவற்றுக்கும் உண்டு. சங்குக்கு மட்டும் பழைய கோபுரப் பொருள் அப்படியே நிற்கிறது.

சிசிடிவி டரட் என்று நீங்கள் பார்த்தது, உருண்டையான கேமரா ஒரு குழிவான பீடத்தில் உட்கார்ந்திருப்பது. கையால் வேண்டிய பக்கம் திருப்பி வளையத்தை இறுக்கிவிடுவார்கள், தானாகச் சுற்றாது. டோம் கேமராவில் மேலே மூடி இருக்கும், அதில் தூசியோ ஈரமோ படிந்தால் இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி அதிலேயே பட்டுத் திரும்பிப் படம் மங்கிப்போகும், டரட்டில் அந்த மூடி இல்லாததால் அந்தத் தொல்லை குறைவு. வாங்குகிறவர்களுக்கு இது உபயோகப்படும் என்பதால் சொன்னேன்.

ஒன்றை மட்டும் இந்தக் குடும்பத்தோடு சேர்த்துவிட வேண்டாம். டூரெட் என்று ஒரு நரம்பியல் பாதிப்பு இருக்கிறது. குழந்தைகள் தங்களை அறியாமல் கண்ணைச் சிமிட்டுவது, தோளைக் குலுக்குவது, சத்தம் எழுப்புவது போன்றவை வந்துகொண்டே இருக்கும். 1885-ல் அதை விவரித்த ஜில் டி லா டூரெட் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது, தமிழில் எழுதும்போது எழுத்து நெருங்கிவிடுவதால் தேடுகிறவர்கள் மாறிப் போகிறார்கள். அந்தக் குழந்தைகள் வேண்டுமென்று செய்வதில்லை. யாராவது அதைத் தேடி இங்கே வந்திருந்தால், அதட்டாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

தமிழில் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். ஷாப்புக்குள் 'டரட்' என்றே சொல்லுங்கள். நம் லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்களும் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களும் ஒரே மெஷினைச் சுற்றி நிற்கிறார்கள், அவசரத்தில் எல்லோருக்கும் விளங்குகிற சொல் அது ஒன்றுதான். அங்கே 'சிறு கோபுரம்' என்றால் யாருக்கும் கை ஓடாது. கட்டடத்தைப் பற்றி எழுதினால் சிறு கோபுரம் சரி, ஆனால் நம் ஊர் வாசகனுக்குக் கோபுரம் என்றதும் கோயில் வாசல்தான் கண்ணில் நிற்கும், அதனால் 'மதில்மூலைக் கூண்டு' என்று எழுதினால் இன்னும் தெளிவு. கூண்டு என்ற சொல்லை நான் சும்மா பிடிக்கவில்லை. ஊருக்குப் பொதுவாக உயரத்தில் வைக்கும் பெரிய கடிகாரத்துக்கு ஆங்கிலத்தில் டரட் கிளாக் என்றே பெயர், அது இருக்கும் இடத்தை நம் முன்னோர் மணிக்கூண்டு என்று அழகாகச் சொல்லிவிட்டார்கள். அதே வழியில் கப்பலுக்கும் டாங்கிக்கும் 'பீரங்கிக் கூண்டு' என்றால் வாசிக்கிறவனுக்கு உடனே படம் கிடைக்கிறது. லேத்துக்கு மட்டும் கூண்டு ஒட்டாது, அங்கே டூல் வெளியே நிற்கிறது. விளக்க வேண்டிய இடத்தில் 'சுழல் டூல் தலை' என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அப்புறம் டரட் என்றே தொடரலாம்.

இன்டர்வியூவில் கேட்டால் அகராதிப் பொருளை ஆரம்பிக்காதீர்கள். பல டூல்களைத் தாங்கி, வேண்டியதை வேலைக்கு நேராகக் கொண்டுவந்து, அதே இடத்தில் பூட்டி நிறுத்தும் சுழல் தலை என்று சொல்லுங்கள். எத்தனை ஸ்டேஷன் மெஷினில் பழகினீர்கள், டி0303-ல் எந்த எண் எதற்கு, இண்டெக்ஸ் கொடுக்கும் முன் எங்கே நிறுத்துவீர்கள் என்று அடுத்து கேட்பார்கள். நாளைக்கு ஷிப்ட் தொடங்கும் முன் உங்கள் ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, கதவை மூடி, டரட்டை ஒவ்வொரு ஸ்டேஷனாக இண்டெக்ஸ் செய்து பாருங்கள், கிளாம்ப் ஆகும் சத்தம் தனியாகக் கேட்கும்.